கயிற்றுக்கடை அக்கா கேட்ட இரண்டாவது பதிவு

அந்தத் தாளை அக்கா என் மேசைமேல் வைத்து, எழுத்து என் பக்கம் இருக்கும்படி திருப்பி, ஒரு விரலால் என்னை நோக்கித் தள்ளினார். முந்தைய நாள் மாலை நானே தட்டச்சு செய்து, உறையில் போட்டு, அவர் கையில் கொடுத்த தாள். மேலே எங்கள் ஸ்கேன் மையத்தின் பெயர், கீழே நரம்பியல் மருத்துவரின் கையெழுத்து, இடையில் நான்கு வரிகள். கடைசி வரியைத் தடித்த எழுத்தில் போட்டிருந்தேன். குழந்தையின் மூளை மின்பதிவில் குறை எதுவும் இல்லை என்பது அதன் சாரம். அவருடைய விரல் அந்த வரியின் மேலேயே நின்றது.

“நார்மல்னு போட்டிருக்கிய.”

“ஆமாக்கா. நல்ல செய்திதான?”

“நல்ல செய்தின்னா நேத்து ராத்திரி அவளுக்கு ஏன் ஒன்பது தடவ வந்துச்சு?”

டாக்டரிடம் கேளுங்கள் என்றேன். எங்கள் தொழிலில் ஒருவரை வாசலுக்கு அனுப்புவதற்கு அதைவிட வசதியான வாக்கியம் கிடையாது. அவர் நகரவில்லை. “டாக்டர் தாளப் பாத்துச் சொல்லுதாரு. தாள நீங்க எழுதுதிய. நீங்க எதப் பாத்து எழுதுனிய?” என்று கேட்டார். குரலை உயர்த்தவில்லை. வெளியே வரிசையில் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் எல்லோரும் என் பதிலுக்காகக் காத்திருப்பதுபோல் எனக்குத் தோன்றியது. இது நடந்து பதினோரு ஆண்டுகள் ஆகின்றன. அந்தக் கேள்விக்கு அன்று நான் பதில் சொல்லவில்லை.

தூத்துக்குடியில் மீன்பிடித் துறைமுகத்துக்குப் போகும் சாலையில் அவருக்கு ஒரு கயிற்றுக்கடை. நைலான் கயிறு, வலை நூல், மிதவை, ஈயக்குண்டு என்று படகுக்காரர்களுக்கு வேண்டியவை அங்கே கிடைக்கும். திருச்செந்தூர்ப் பக்கத்துப் பனங்காட்டு ஊர் ஒன்றிலிருந்து இரண்டு தலைமுறைக்கு முன்பு வியாபாரத்துக்காக வந்த குடும்பம். பெயர்ப்பலகையில் இருப்பது கணவரின் பெயர். ஆனால் படகுக்காரர்கள் யாரும் அந்தப் பெயரைச் சொல்லி நான் கேட்டதில்லை. ‘அக்கா கடை’ என்பார்கள். கணவர் அதிகம் பேசாதவர். வீட்டில் சொல் எடுபட்டது கணவரின் அண்ணனுக்குத்தான். குழந்தையின் பெரியப்பா. நல்ல மனிதர் என்று ஊரில் பெயர் எடுத்தவர், அந்தப் பெயரைக் காப்பாற்றுவதிலேயே பாதி நேரத்தைச் செலவழித்தவர்.

மகளுக்கு அப்போது பத்து வயது. தூங்கிச் சிறிது நேரத்தில் திடுக்கென்று எழுந்து உட்காருவாளாம். கண் திறந்திருக்கும், ஆனால் பார்க்காது. தொண்டையிலிருந்து ஒரு கூச்சல் வரும். கால் இரண்டும் சைக்கிள் மிதிப்பதுபோல் அடித்துக்கொள்ளும், இடது கை கட்டிலின் விளிம்பை இறுக்கிப் பிடிக்கும். அரை நிமிடம்தான். அதற்குள் எல்லாம் அடங்கி, சுற்றி நிற்பவர்களைப் பார்த்து “என்னம்மா?” என்று தெளிவாகக் கேட்பாள். அந்தத் தெளிவுதான் அவளுக்கு எதிரியாயிற்று. வலிப்பு என்றால் வாயில் நுரை வர வேண்டும், நினைவு தப்பிக் கிடக்க வேண்டும், கையில் இரும்பைக் கொடுக்க வேண்டும் என்று எல்லோரும் ஒரு படம் வைத்திருந்தார்கள். அவள் அந்தப் படத்தில் அடங்கவில்லை. பேய் என்றார்கள் சிலர். கோயிலில் கயிறு கட்டினார்கள், தர்காவில் தண்ணீர் ஓதிக் கொடுத்தார்கள், கடைக்கு வரும் பரதவர் வீட்டுப் பெண் ஒருத்தி மாதா கோயில் எண்ணெய் கொண்டுவந்து நெற்றியில் தடவினாள். அக்கா எதையும் மறுக்கவில்லை. “யாரு என்ன குடுத்தாலும் வாங்கிக்கிடுவேன். மாத்திரைய மட்டும் நிறுத்த மாட்டேன்” என்று பின்னால் என்னிடம் சொன்னார்.

அவரால் பொறுக்க முடியாதது வேறொன்று. எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்து, அதிலும் ஒன்றும் இல்லை என்றானதும், ஒரு மருத்துவர் இது மனம் சம்பந்தப்பட்டது என்றார். தம்பி பிறந்திருக்கிறான், கவனம் அவன்பக்கம் போய்விட்டது, அதனால் பிள்ளை இப்படிச் செய்கிறது என்றார். அந்தச் சொல் வீட்டுக்குள் நுழைந்து ‘நடிக்கா’ என்றாயிற்று. இரவுத் தூக்கம் கெட்டதால் பள்ளிக்கூடத்தில் மேசைமேல் கண்ணயர்ந்தவளுக்கு அங்கேயும் வந்தது. மற்றப் பிள்ளைகள் பயப்படுகிறார்கள், சரியாகும்வரை வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்று பள்ளியில் சொல்லிவிட்டார்கள். ஒரு நாள் அவள் கத்திக்கொண்டு எழுந்தபோது, நடிப்பு இத்தோடு நிற்கட்டும் என்று பெரியப்பா கன்னத்தில் அறைந்தாராம். அன்றே அக்கா மகளின் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு கடையின் பின்னறைக்குப் போய்விட்டார். மூன்றாம் நாள் கைக்குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு கணவரும் வந்து சேர்ந்தார். கயிற்றுச் சுருள்களை ஓரமாக அடுக்கி, நாலு பேர் படுக்க இடம் செய்தாராம்.

இந்த நிலையில்தான் என்னிடம் வந்தார்கள். இனி என் பங்கைச் சொல்ல வேண்டும், சொல்லாமல் இதை எழுதுவதில் நியாயமில்லை. நான் தாமிரபரணிக் கரை நெல் ஊர் ஒன்றில் பிறந்தவள். டிப்ளோமா முடித்து அந்த மையத்தில் சேர்ந்து நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. மண்டையை நாடாவால் அளந்து, சிவப்புப் பென்சிலால் புள்ளி வைத்து, பசை தடவி, வயர்களை ஒட்ட எனக்குப் பத்து நிமிடம் போதும். அந்த வேகத்தில் எனக்குக் கர்வம் இருந்தது. மேனேஜருக்கு அதைவிட அதிகமாக இருந்தது. அவள் வந்த அன்று தலை நிறைய எண்ணெய். வயர் ஒன்று ஒட்டினால் இன்னொன்று வழுக்கியது. மூச்சை ஊதச் சொன்னேன், ஊதினாள். கண்முன் விளக்கை மின்னவிட்டேன், சிரித்தாள். தூங்கச் சொன்னேன். தூக்கம் வரவில்லை. வெளியே விளாத்திகுளத்திலிருந்து வந்த கைக்குழந்தை ஒன்று வீறிட்டுக்கொண்டிருந்தது. தூக்கத்தில் வரும் நோய்க்குத் தூக்கத்தில்தான் பதிவு எடுக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும். படித்திருக்கிறேன். இருபது நிமிடம் ஆனதும் நிறுத்தினேன். விழித்திருந்த குழந்தையின் இருபது நிமிடத்தைப் பார்த்து எழுதியதுதான் அந்த நான்காவது வரி. மருத்துவர் வாரம் ஒருநாள் வருபவர். என் அலைகளைப் புரட்டிப் பார்த்தார், அவற்றில் ஒன்றும் இல்லை, கையெழுத்துப் போட்டார். அவர் பார்த்ததில் பிழை கிடையாது. நான் பதிவு செய்ததில்தான் பிழை.

தலைக்கு வெளியே ஒட்டிய வயர்களால் மூளையைக் கேட்பது, துறைமுக மதிலுக்கு வெளியே நின்று உள்ளே எந்தக் கப்பலில் சத்தம் என்று ஊகிப்பதைப் போன்றது. உள்ளே ஆழத்தில் நடப்பது வெளியே கேட்காமலே போகலாம். நாம் நிற்கும் நேரத்தில் உள்ளே அமைதியாகவும் இருக்கலாம். கேட்கவில்லை என்று எழுதுவதற்கும், உள்ளே ஒன்றுமில்லை என்று எழுதுவதற்கும் நடுவில் ஒரு குழந்தையின் வாழ்க்கை அளவுக்குத் தூரம் இருக்கிறது. நான்கு ஆண்டுகளாக அந்தத் தூரத்தை நான் ஒரே வார்த்தையால் தாண்டிக்கொண்டிருந்தேன்.

“இன்னொருக்க எடுங்க, தூங்க வச்சு எடுங்க” என்றார் அக்கா. டாக்டர் எழுதிக் கொடுத்தால்தான் முடியும் என்றேன். சரி என்று போய்விட்டார். பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்தேன். நரம்பியல் மருத்துவர் வரும் நாளில், அவர் கார் வந்து நிற்பதற்கு முன்பே எங்கள் மாடிப்படியின் மூன்றாம் படியில் அக்கா உட்கார்ந்திருந்தார். மருத்துவர் ஒதுங்கி ஏறப் பார்த்தார். அக்கா எழுந்து கைப்பேசியை அவர் முகத்துக்கு நேரே பிடித்தார். டார்ச் வெளிச்சத்தில், கடையின் பின்னறையில், தானே எடுத்த பதினான்கு வீடியோக்கள். முதல் மூன்றை மருத்துவர் நின்றபடி பார்த்தார். நான்காவதைப் பார்க்கும்போது படியில் உட்கார்ந்துவிட்டார். ஒவ்வொன்றிலும் அதே கூச்சல், அதே கால், அதே இடது கை. அச்சில் வார்த்தது மாதிரி இருந்தது. “நடிக்கிறவங்க ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் மாத்தி நடிப்பாங்கம்மா. இது மாறவே இல்லை” என்று அவர் சொன்னதை, பின்னால் நின்றிருந்த நானும் கேட்டேன். தூக்கத்தைக் குறைத்து வரச்சொல்லி, வீடியோவோடு இரண்டு மணி நேரப் பதிவு என்று எழுதிக் கொடுத்தார். எங்கள் இயந்திரத்தில் கேமரா இருந்தது. அதுவரை நாங்கள் அதன் மூடியைக் கழற்றியதில்லை.

மறுவாரம் வந்தார்கள். விடியுமுன்பே அக்கா மகளை எழுப்பிவிட்டு, தூங்கவிடாமல் மிதவைகளை எண்ணச் சொல்லியிருக்கிறார். தலையை மூன்று முறை ஷாம்பு போட்டு அலசியிருந்தார். அன்று வயர்கள் ஒன்றுகூட வழுக்கவில்லை. அவரிடம் ஒன்று மட்டும் சொன்னேன். வரும்போது ஓடிப்போய்ப் பிள்ளையைக் கட்டிக்கொள்ளாதீர்கள், கேமராவை மறைத்துவிடுவீர்கள், எல்லாம் வீணாகிவிடும். எந்தத் தாயும் இதைக் கேட்டதில்லை, கேட்க முடியாது. தலையாட்டினார். பதினொன்றரை மணிக்கு அவள் தூங்கினாள். அரை மணி, ஒரு மணி, ஒன்றேகால் மணி. திரையில் தூக்கத்தின் அலைகள் சீராகப் போய்க்கொண்டே இருந்தன. மேனேஜர் கதவைத் தட்டினார். “ஏழு பேர் வெயிட்டிங், போதும் முடிங்க” என்றார். அக்கா எழுந்து கதவருகே போய் நின்றுகொண்டார். “நான் இங்கன நிக்கேன். நீங்க உங்க வேலயப் பாருங்க தங்கச்சி” என்றார். அதுவரை மேடம் என்றவர் முதல்முறையாகத் தங்கச்சி என்றது அப்போதுதான். நான் போய்க் கதவை உள்ளே தாழிட்டேன். அந்த மையத்தில் நான் முதன்முதலாகச் செய்த ஒழுங்கீனம் அது.

பிறகு வந்தது. அவள் எழுந்து உட்காருவதற்குச் சில நொடிகள் முன்னால், வலது நெற்றிப் பக்கத்து வயர்களில் அலைகள் சட்டென்று தாழ்ந்து, மெல்லிய வேகமான நடுக்கமாக மாறின. அப்புறம் கூச்சல், கால்கள், கை. திரை முழுவதும் தசைத் துடிப்பின் கிறுக்கல். நான் நிமிர்ந்து அக்காவைப் பார்த்தேன். கேமராவின் பார்வைக்கு வெளியே, சுவரோடு ஒட்டி, இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டு நின்றார். உதடு மட்டும் அசைந்தது. “ஏளா, அம்மா இங்கனதான் இருக்கேன். இங்கனதான் இருக்கேன்.” அரை நிமிடம். மகளிடம் போக நாலடி. அவர் ஓர் அடிகூட வைக்கவில்லை. நான் பார்த்த வீரங்களில் அதைவிடப் பெரியது கிடையாது. அன்று அதற்குச் சாட்சி நான் ஒருத்திதான்.

அடங்கியதும் என் அருகே வந்து திரையைப் பார்த்தார். “தெரியுதா தங்கச்சி?” பதிவு எடுப்பவர் முடிவு சொல்லக்கூடாது என்பது விதி. “தெரியுதுக்கா” என்றேன். “நடிப்பில்லன்னு தெரியுதா?” தெரிகிறது என்றேன். அவர் அழுவார் என்று எதிர்பார்த்தேன். “அந்தப் பக்கத்த மட்டும் அச்சடிச்சுத் தாங்க” என்று கேட்டார். மருத்துவர் பார்த்துக் கையெழுத்திட்ட பிறகு அதை வாங்கிக்கொண்டு முதலில் பள்ளிக்கூடத்துக்குப் போனார். தலைமையாசிரியையின் மேசையில் விரித்து வைத்து, வலிப்பு வந்தால் என்ன செய்ய வேண்டும், என்ன செய்யக்கூடாது என்பதை ஒரு நோட்டுத்தாளில் எழுதி, மகளின் வகுப்புச் சுவரில் ஒட்டிவிட்டுத்தான் திரும்பினார். அவள் மறுநாளே வகுப்பில் உட்கார்ந்தாள். பிறகு பெரியப்பாவின் வீட்டுக்குப் போனார். அங்கே என்ன பேசினார் என்று எனக்குத் தெரியாது. “வலிப்பு தாள்ல விழுந்திருக்கு, அவிய அடிச்ச அடிதான் விழலன்னு சொல்லிட்டு வந்தேன்” என்று மட்டும் சொன்னார்.

மாத்திரைகள் இரண்டு, மூன்றாகின. வலிப்பு குறையவில்லை. நரம்பியல் மருத்துவர் அவர்களை வேறொரு நகரத்துப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினார். மருந்துக்கு அடங்காத வலிப்பு மூளையின் ஓரிடத்திலிருந்தே கிளம்புகிறது என்றால், அந்த இடத்தை அறுத்து எடுக்க முடியுமா என்று பார்ப்பதற்காக. அங்கே பகலும் இரவும் வயர்களோடும் கேமராவோடும் ஆறு நாட்கள் படுக்க வைத்தார்கள். வேண்டுமென்றே மாத்திரையைக் குறைத்தார்கள். வலிப்பு வராதா என்று எல்லோரும் காத்திருக்கும் ஒரே இடம் அதுதான். வாழ்நாள் முழுவதும் வரக்கூடாது என்று வேண்டிக்கொண்ட தாய், வலிப்பு வந்ததும் அழுத்த வேண்டிய ஒரு பொத்தானைக் கையில் வைத்துக்கொண்டு வரட்டும் என்று உட்கார்ந்திருப்பார். எம்.ஆர்.ஐ.யைப் புதிதாக, மெல்லிய மெல்லிய துண்டுகளாக எடுத்தார்கள். எங்கே தேட வேண்டும் என்று இப்போது தெரிந்திருந்ததால், வலது முன்மூளையின் ஒரு மடிப்பின் அடியாழத்தில், எல்லை மங்கிய ஒரு சிறிய இடம் கண்ணுக்குப் பட்டது. பிறவியிலேயே சரியாக அடுக்கப்படாத பகுதி என்றார்கள். மூளை எங்கே எவ்வளவு சர்க்கரையை எரிக்கிறது என்று காட்டும் பெட் ஸ்கேனில் அதே இடம் மட்டும் சோர்ந்து இருட்டாகத் தெரிந்தது. தொலைபேசியில் அக்கா எனக்குச் சொன்னது இது: “மூணு கயிறும் ஒரே முடிச்சுல வந்து நிக்கி தங்கச்சி.” மருத்துவர்கள் கூடிப் பேசும் கூட்டங்களில் பிற்பாடு எத்தனையோ விளக்கங்களைக் கேட்டிருக்கிறேன். இதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்லவில்லை.

முடிவெடுக்க அழைத்த நாளில் என்னையும் வரச் சொன்னார். “அவிய சொல்லுதது எனக்கு விளங்காட்டா நீங்க சொல்லணும்.” இரண்டு நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு போனேன். பெரியப்பாவும் வந்திருந்தார். அறுவை மருத்துவர் படத்தைக் காட்டி விளக்கினார். ஸ்கேனுக்குள் படுக்கவைத்து இடது கை விரல்களை அசைக்கச் சொல்லி எடுத்த படத்தில், கைக்கான பகுதி ஒளிர்ந்தது. எடுக்க வேண்டிய இடம் அதற்கு ஒரு விரற்கடை தள்ளி. வலிப்பு முழுவதும் நின்றுபோக நல்ல வாய்ப்பு இருக்கிறது, உறுதி தர முடியாது. இடது கை சில காலம் பலவீனமாகலாம், கொஞ்சம் நிரந்தரமாகவும் தங்கிவிடலாம். எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னார்.

பெரியப்பா வெளியே வந்ததும் ஆரம்பித்தார். “பொம்பளப் பிள்ள தலையக் கீறி வச்சா நாளைக்கு எவன் கட்டுவான்?”

“கட்டாட்டாப் போறான். கடய அவளுக்குத் தாரேன்” என்றார் அக்கா.

“கையும் போச்சுன்னா கடயில என்னத்தப் பண்ணுவா?”

அப்போதுதான் அதுவரை சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த கணவர் பேசினார். “நான் கையெழுத்துப் போட்டுட்டேன், அண்ணே.” அவ்வளவுதான். மடித்த சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டு தேநீர் வாங்கப் போய்விட்டார். அந்தக் குடும்பத்தில் அவர் பேசி நான் கேட்ட முழு வாக்கியம் அந்த ஒன்றுதான்.

அன்று மாலை மருத்துவமனை முற்றத்தில் அக்காவும் நானும் உட்கார்ந்திருந்தோம். மகள் கொஞ்சம் தள்ளி, வேறொரு குழந்தையுடன் விளையாடிக்கொண்டிருந்தாள். இடது கைதானே, எழுதுவது வலது கையில்தானே என்று அவள் மருத்துவரிடமே சொல்லியிருந்தாள். அவ்வளவு எளிதாகப் பேசாதே என்று அக்கா அவளைத் திட்டியும் இருந்தார். “எல்லார்ட்டயும் சண்ட போட்டு இவ்வளவு தூரம் வந்துட்டேன். இப்பம் கத்திய வைங்கன்னு சொல்லுததும் நான்தான். ஏதாவது ஆச்சுன்னா அவ கைய நான்தான எடுத்தேன்?” என்றார். அவர் பயந்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். உங்கள் மகளுக்கு ஒன்றுமில்லை என்று ஒருமுறை எழுதியவள் நான். ஒன்றும் ஆகாது என்று மறுபடியும் எப்படிச் சொல்வேன்? பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

அறுவை முடிந்தது. அந்த இடத்தை முழுவதும் எடுத்துவிட்டார்கள். கண் விழித்தபோது இடது கை மரக்கட்டைபோல் கிடந்தது. அதைப் பார்த்துவிட்டு அக்கா நேரே குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டாராம். இரண்டு நாளுக்குப் பின் கட்டைவிரல் அசைந்தது. ஊருக்கு வந்தபின் மூன்று மாதங்கள், கடையில் அவளை உட்காரவைத்து இடது கையால் முடிச்சுப் போடவும் அவிழ்க்கவும் வைத்தார். கடைக்கு வந்த படகுக்காரர்களில் வயதான ஒருவர், “பிள்ளயப் பாடாப் படுத்தாதியம்மா” என்றதற்கு, “நீங்க கயிற வாங்கிட்டுப் போங்க அண்ணாச்சி” என்று பதில் வந்தது. கை திரும்பியது. சுண்டுவிரல் மட்டும் இன்றைக்கும் கொஞ்சம் தாமதமாகத்தான் சொன்னதைக் கேட்கும்.

வலிப்பு அத்தோடு ஓடிப்போய்விட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். ஐந்தாம் மாதம் காய்ச்சல் கண்டபோது ஒருமுறை வந்தது. எதற்கு இவ்வளவு பாடு என்று சொந்தக்காரர்கள் கூடிவிட்டார்கள். “முன்ன ராத்திரிக்கு ஒன்பது. இப்பம் அஞ்சு மாசத்துக்கு ஒண்ணு. உங்களுக்குக் கணக்கு வராதா?” என்று அக்கா கேட்டாராம். மாத்திரையைக் கொஞ்சம் மாற்றினார்கள். அதற்குப் பிறகு வரவில்லை.

நான் அந்த மையத்தில் அதிக நாள் நீடிக்கவில்லை. தூங்காத குழந்தையைத் தூங்கவைத்து எடுப்பேன் என்றேன், வரிசை நீண்டது. தூக்கத்தில் பதிவு எடுக்கப்படவில்லை என்றும், இந்தப் பதிவைக்கொண்டு வலிப்பு இல்லை என்று முடிவு செய்ய முடியாது என்றும் ஒரு வரியைச் சேர்த்துத் தட்டச்சு செய்தேன். மருத்துவர் அதற்குக் கீழே மகிழ்ச்சியாகக் கையெழுத்திட்டார், மேனேஜர் அழைத்துக் கண்டித்தார். வருபவர்களுக்கு அந்த வரி குழப்பத்தை உண்டாக்குகிறதாம். உண்டாக்கட்டும் என்றேன். இப்போது வேறொரு மருத்துவமனையில் இருக்கிறேன். இங்கே எனக்கு ‘லேட்டு அக்கா’ என்று பெயர். அதை ஒரு பட்டமாகத்தான் வைத்திருக்கிறேன்.

போன மாதம் அக்கா என்னை வீட்டுக்கு அழைத்தார். மகளைப் பெண்பார்க்கச் சாகுபுரத்திலிருந்து வருகிறார்கள், மாப்பிள்ளை அங்கே தொழிற்சாலையில் வேலை, நீங்களும் இருக்க வேண்டும் என்றார். மகளுக்கு இப்போது இருபத்தொன்று. பி.காம். முடித்துவிட்டுக் கடையைப் பார்த்துக்கொள்கிறாள். வரனைக் கொண்டுவந்தவர் பெரியப்பாதான். வயது அவரையும் கொஞ்சம் இளக்கியிருந்தது. என்னைப் பார்த்ததும் ஓரமாக அழைத்துப்போய், “நீங்க பக்கத்து வீட்டு டீச்சர்னு சொல்லிக்கிடுங்க. ஆஸ்பத்திரிப் பேச்சு வேண்டாம், தலமுடி மறச்சிருக்கு, ஆண்டவன் புண்ணியம்” என்றார். நான் தலையாட்டவில்லை, மறுக்கவுமில்லை. அவர்கள் வந்து உட்கார்ந்து காபியை எடுத்ததும் அக்கா ஒவ்வொருவராக அறிமுகம் செய்தார். இவர் அப்பா, இவர் பெரியப்பா, இவர் மாமா. பிறகு என் தோளில் கை வைத்து, “இவிய என் மவ மூளயப் பதிவு எடுத்தவிய” என்றார்.

மாப்பிள்ளையின் அம்மா கையிலிருந்த காபியைக் கீழே வைத்தார். அக்கா நிறுத்தவில்லை. பத்து வயதில் வந்தது, பதினொரு வயதில் ஆபரேசன், வலது பக்கம், இன்ன இடம் என்று கடைச்சரக்கின் தரத்தைச் சொல்வதுபோல் வரிசையாகச் சொன்னார். பெரியப்பா கூரையைப் பார்த்தார். யாரோ மின்விசிறியைப் போட்டார்கள், அது ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. கடைசியில் மாப்பிள்ளையின் அம்மா, அக்காவிடம் அல்ல, என்னிடம் மெதுவாகக் கேட்டார்: “இப்பமும் மாத்திர போடுதாளா?”

பதில் சொன்னது அவள். “போடுதேன் அத்தை. காலையில ஒண்ணு, ராத்திரி ஏழு மணிக்கு ஒண்ணு.” சுவர்க் கடிகாரத்தைத் திரும்பிப் பார்த்தாள். ஏழு ஐந்து. எழுந்து போய் அலமாரியிலிருந்து அட்டையை எடுத்துவந்து, எல்லோருக்கும் நடுவில் நின்று, ஒரு மாத்திரையைப் பிதுக்கி வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தாள். அவசரமில்லாமல், தாகத்துக்குக் குடிப்பதுபோல். பிறகு டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் தன் இடத்தில் உட்கார்ந்தாள்.

சொல்லி அனுப்புகிறோம் என்று அவர்கள் கிளம்பிப் போனார்கள். அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று எல்லோருக்கும் தெரியும். பெரியப்பா செருப்பை மாட்டிக்கொண்டு வெளியேறினார். “போனாப் போட்டும். பலகாரம் நெறய மிஞ்சிருக்கு, சாப்பிட்டுட்டுப் போங்க தங்கச்சி” என்றார் அக்கா. எல்லோரும் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். இந்த விஷயம் அவ்வளவுதான் என்று நானும் நினைத்தேன்.

நான்கு நாள் கழித்து, பதிவு அறையில் ஒரு குழந்தை தூங்குவதற்காகக் காத்திருந்தபோது தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. சாகுபுரத்து மாப்பிள்ளைப் பையன். அன்று மூலையில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தவன். என் எண்ணை எப்படியோ வாங்கியிருக்கிறான். “மேடம், அவங்க நோயப் பத்தி எனக்கு நாலஞ்சு கேள்வி இருக்கு. வீட்ல யாருக்கும் தெரியாம உங்ககிட்ட கேக்கலாம்னு...” என்றான். குரலில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. மறைவாகத் தெரிந்துகொள்வதுதான் மரியாதை என்று அவனுக்கு யாரோ சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

“கேள்வி இருக்கது நல்லதுதான் தம்பி. ஆனா எங்கிட்டக் கேக்காதிய. மூளை அவளோடது. கடை காலையில எட்டு மணிக்குத் தொறக்கும். நேராப் போயி அவகிட்டக் கேளுங்க” என்றேன்.